இருபத்து மூன்று முறை ‘ஆம்’

அந்தத் தேர்வுக்கூடத்தில் மொத்தம் இருபத்து நான்கு கணினிகள். எல்லாம் பத்து வருடத்துப் பழசு. கனரக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு எழுத வருகிறவர்கள் முரட்டு லாரியைச் சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டிக் காட்டும் கைகாரர்கள். அவர்களுக்கே இந்தக் கணினி கண் விழிப்பதற்குள் பொறுமை போய்விடும். பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே போய் டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வரலாம் என்பது அங்கே வழக்கமான கேலி.

இந்தக் கணினிகளைப் பின்னால் திறக்கப்போகிறவளின் அண்ணன்தான் கூடத்தின் பொறுப்பாளன். பதினொரு வருடமாகச் சாவி அவன் இடுப்பில்தான். இந்த வருடத் தொடக்கத்தில் மேலாளர் அம்மாள் அவனைக் கூப்பிட்டு, கூடத்தை வெளி நிறுவனம் ஒன்றிடம் விட்டுவிடலாம் என்று தலைமையகம் நினைக்கிறது, அவர்கள் தங்கள் கணினிகளோடு தங்கள் ஆட்களையும் கொண்டுவருவார்கள், உங்களுக்குத் தபால் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது என்றார். தபால் பிரிவு என்பது கட்டிடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே போனவர்கள் ஓய்வு பெறும் நாளில்தான் வெளிச்சத்துக்கு வருவார்கள்.

அண்ணன் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியை எதிர்த்துப் பேசினான்.

“மேடம், மதர்போர்டு எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. டிஸ்க்குதான் தேஞ்சு போச்சு. தலைமையகம் அனுப்பின புது எஸ்.எஸ்.டி. ஒரு பெட்டி அப்படியே கெடக்கு. அதை மாட்டினாப் பறக்கும். என் தங்கச்சி இந்தத் தொழில்லதான் இருக்கா, அவ செஞ்சு குடுப்பா. என் பொறுப்பு.”

“எழுதிக் குடுங்க” என்றார் மேலாளர். எழுதிக் கொடுத்தான். பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமைத் தேர்வுக்கு இருபத்து நான்கும் ஓட வேண்டும். ஓடினால் கூடம் அவனுக்கு, ஓடாவிட்டால் அடித்தளம்.

அந்தப் பெட்டி ஏன் அதுவரை அப்படியே கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைமையகம் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியவை அவை. விரல் நீளத்தில், சூயிங்கம் பட்டை போல இருக்கும் அதிவேக எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள். ஒரு சின்ன அட்டையில் செருகினால் பழைய மதர்போர்டிலும் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கணினியை எழுப்புகிற பயாஸ் என்ற நிரலுக்கு அவற்றை அடையாளம் தெரியாது. போர்டில் எட்டுக் கால்களோடு குந்தியிருக்கும் ஒரு சின்னச் சிப்புக்குள் அந்த நிரல் இருக்கிறது. காலையில் முதலில் எழுந்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலை. பத்து வருடத்துக்கு முன் அதற்குச் சொல்லிக்கொடுத்த முகங்களில் இந்தப் புதிய டிஸ்க்கின் முகம் இல்லை. டிஸ்க் கண்ணெதிரே இருக்கும். பயாஸோ ‘பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை’ என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எழுதிவிட்டு நின்றுவிடும். போர்டு செய்த நிறுவனம் இந்தப் பழைய மாடலுக்கு இனிப் புதிய பயாஸ் தருவதில்லை என்று கைகழுவி வெகுநாள் ஆகிறது.

வழி இருக்கிறது. சிப்பில் உள்ளதை முழுசாக வெளியே எடுத்து, அதற்குள் புதிய டிஸ்க்கை அறிமுகம் செய்கிற டிரைவர் என்ற ஒரு துண்டு நிரலைச் சேர்த்து, மறுபடி சிப்பில் எழுதிவிட வேண்டும். ஒரு எழுத்துப் பிசகினால் போர்டு செத்த பிணம். ஊரில் இந்த வேலையைத் துணிந்து செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். அவள் அதில் ஒருத்தி.

அவளுக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான்.

ஏழு மாதத்துக்கு முன் அவளுக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. அன்று நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, படுத்துத் தூங்கினாள். மறுநாளும் அப்படியே. எப்போது அழப்போகிறாளோ என்று வீடே காத்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. கேட்டால் ‘ம்’ என்பாள். அண்ணி கல்யாண ஆல்பத்தைத் துணி அலமாரியின் அடியில் ஒளித்து வைத்தாள். தொலைக்காட்சியில் தாலி கட்டுகிற காட்சி வந்தால் அண்ணன் ரிமோட்டைத் தேடித் தடுமாறி ஏதாவது ஒரு செய்திக்கு மாற்றுவான். ஒரு நாள் அண்ணி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அண்ணன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான். தங்கையின் தட்டு அதற்குள் காலியாகியிருந்தது.

“பாப்பா, உப்பே இல்லையேம்மா, உனக்குத் தெரியலையா?” என்றாள் அண்ணி.

“அப்படியா அண்ணி?”

அண்ணி அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கண்ணாடிச் சாமான் நிறைந்த அறையில் நடக்கிறவர்களைப் போல அவளைச் சுற்றி நடந்தார்கள்.

வேலை தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமை ஆரம்பமானது. கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு நீள மேசை, ஒரே ஒரு திரை. அண்ணன் கணினிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைப்பான், முடிந்ததை எடுத்துப் போவான்.

முதல் கணினிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. மூடியைத் திறந்தாள். தூசியை ஊதினாள். சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்விப் பிடிக்கிற கிளிப்பை மாட்டித் தன் மடிக்கணினியோடு இணைத்தாள். சிப்பில் இருப்பதைப் படித்துச் சேமித்தாள். டிரைவரைச் சேர்த்தாள், எழுதினாள், எழுதியதைச் சரிபார்த்தாள். புதிய டிஸ்க்கை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். பதினோரு நொடியில் திரை வந்து நின்றது.

அண்ணன் துள்ளிவிட்டான். “அடிச்சுத் தூக்கிட்ட பாப்பா! டீ குடிக்கக்கூட நேரம் இல்லாமப் பண்ணிட்டியே!”

“ம்” என்றாள்.

இரண்டாவது கணினி மேசைக்கு வந்தபோது முதல் கணினிக்குச் செய்த கோப்பு அப்படியே தயாராக இருந்தது. ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே பயாஸ். அதே கோப்பை இதிலும் எழுதினாள். இதுவும் பதினோரு நொடியில் வந்தது. மூன்றாவதிலும் எழுதினாள்.

அவசரத்தில் செய்தாள் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. கிளிப்பை மாட்டு, படி, சேமி, எழுது, சரிபார், கிளிப்பை எடு. நடுவில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அவள் ஏழு மாதமாகக் குடியிருந்தாள்.

எழுதுவதற்கு முன் பழையதைப் படித்துச் சேமித்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். அதை அவள் கை விடவில்லை. ஒவ்வொரு முறையும் படித்தாள், ஒவ்வொரு முறையும் சேமித்தாள். ஆனால் கோப்புக்குப் புதுப் பெயர் வைக்கவில்லை. ‘பழையது’ என்று முதல் கணினிக்கு வைத்த பெயரே பெட்டியில் நின்றது. சேமி என்றதும் நிரல் கேட்டது: இதே பெயரில் கோப்பு ஏற்கெனவே உள்ளது, மாற்றி எழுதவா? அவள் ‘ஆம்’ என்று அமுக்கினாள். அடுத்த கணினிக்கும் கேட்டது, ஆம். கடைசிக் கணினி வரைக்கும் இருபத்து மூன்று முறை கேட்டது. இருபத்து மூன்று முறையும் ஆம்.

வியாழன் மாலை வேலை முடிந்தது. அண்ணன் அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை இருபத்து நான்கையும் கூடத்தில் வரிசையாக வைத்து, நெட்வொர்க் கேபிள்களைச் செருகி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். முதல் கணினி தேர்வு நிரலைத் திறந்து அழகாக நின்றது. இரண்டாவதைப் போட்டான். அது திறந்தது, முதலாவதில் இணைப்பு அறுந்தது. மூன்றாவதைப் போட்டதும் இரண்டாவது விழுந்தது. எல்லாவற்றையும் போட்டபோது ஒரே நாற்காலிக்கு இருபத்து நான்கு பேர் அடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் உட்காரும், மற்றது தள்ளிவிடும்.

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. போன மாதம்தான் கூடத்துக்குப் புதிதாகக் கேபிள் இழுத்திருந்தார்கள். இழுத்தவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர், முழங்கால் வலிக்காரர், அந்த அலுவலகத்துக்கு இருபது வருடமாக வந்துபோகிறவர். எல்லோருக்கும் அவர் கேபிள் அண்ணன். அவருக்குப் போன் பறந்தது.

“என்னண்ணே கேபிள் இழுத்தீங்க? சணல் கயிறா?”

“எழவு, போன மாசம் உங்க கண்ணு முன்னாடிதானே சார் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிக் காட்டினேன்!”

“காட்டினது போதும், வந்து பாருங்க.”

வந்தார். மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து, எல்லா முனைகளையும் வெட்டிப் புதிய பிளக் அடித்தார். ஒவ்வொரு முறை எழும்போதும் மேசையைப் பிடித்துக்கொண்டு ‘அப்பாடா’ என்றார். ஒன்றும் சரியாகவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேலாளர் அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“தப்பு யார் பக்கம்? எனக்கு எழுத்துல வேணும்.”

அண்ணன் எழுதினான். கணினிகள் சரியாக உள்ளன, தனித்தனியே சோதிக்கப்பட்டன. கேபிள் வேலையின் தரக்குறைவே காரணம். கையெழுத்து, தேதி. வாசித்துவிட்டு, இது உறுதியானால் அவரை இனிக் கூப்பிட வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று மேலாளர் சொன்னது கூடத்துக்கே கேட்டது. மேசைக்கு அடியில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். அவர் வெளியே வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று.

நாலு மணி இருக்கும். அண்ணன் மேலாளர் அறையில் இருந்தான். கேபிள்காரர் கணினி கணினியாக உட்கார்ந்து, திரையில் எதையோ பார்த்து, ஒரு அட்டைத் துண்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். பாதி வரிசை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“இங்க கொஞ்சம் வாம்மா. என் கண்ணு போச்சா, இல்ல மூளை போச்சா, நீயே சொல்லு” என்று பின்னறை வாசலில் நின்றவளைக் கூப்பிட்டார்.

அவள் போய்ப் பார்த்தாள். அட்டையில் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் பிறக்கும்போதே ஒரு எண் உண்டு, மேக் எண் என்பார்கள். உலகத்தில் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அட்டையில் பன்னிரண்டு வரியிலும் ஒரே எண்.

“மேல எழுதினதையே பாத்துப் பாத்து எழுதிட்டேனோன்னு நெனச்சு ரெண்டாம் தரமும் பாத்தேன். அச்சுல வார்த்த மாதிரி எல்லாம் ஒண்ணாவே காட்டுது. எந்த கம்ப்யூட்டருக்குத்தான் பதில் சொல்லும் பாவம், எல்லா கேபிளும் வந்து சேர்ற அந்த ஸ்விட்சு?”

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த போர்டில் அந்த எண்ணும் பயாஸ் இருக்கிற அதே சிப்பில்தான் இருக்கிறது. முதல் கணினியின் சிப்பை முழுசாகப் பிரதியெடுத்து எல்லாவற்றிலும் எழுதியபோது, பயாஸோடு சேர்ந்து அதன் எண்ணும் போயிருக்கிறது. தனித்தனியே ஒரே திரையில் சோதித்தபோது தெரிய வழியில்லை. சேமித்த கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. கடைசிக் கணினியுடையது.

மனசு பதறும் என்று எதிர்பார்த்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. குழம்பில் உப்பில்லாதது உறைக்காததைப் போலவே இதுவும் உறைக்கவில்லை.

பேசாமல் இருந்தால் போதும். நாளை ஒரு நாள் கூடம் காலி. ஓசைப்படாமல் முடிந்த வரை சரிசெய்துவிடலாம். கேபிளை மறுபடி அடித்த பிறகு சரியாகிவிட்டது என்பார்கள். அண்ணனுக்குக் கூடம் இருக்கும்.

“இந்த ஒரு ஆபீஸ்தான்மா என்னை இன்னும் கூப்பிடுது” என்றார் அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே. குறையாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல என்கிற தொனி.

மனம் மரத்துப் போனவளுக்கும் எது யாருடைய தப்பு என்பது தெரியாமல் போகவில்லை.

“உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு அண்ணே. தப்பு என்னுது” என்றாள். எப்படி என்றும் சொன்னாள்.

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “காலையில பத்து மணிக்கே தெரிஞ்சிருந்தா என் முழங்கால் பொழச்சிருக்கும்” என்றார். பிறகு, “இப்பவாச்சும் சொன்னியே” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அண்ணன் வந்ததும் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவன் முகம் காகிதம் மாதிரி வெளுத்தது. இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு அந்த ஏழு மாதத்துக் குரலில், பஞ்சால் ஒற்றுவது போல, பேசினான்.

“சரி பாப்பா. ஒண்ணும் இல்ல. நீ மனசுல வெச்சுக்காத. நாளைக்கு நாம ரெண்டு பேரும் உக்காந்து சரி பண்ணிடலாம். நான் பாத்துக்கறேன்.”

“அந்த லெட்டரை?”

“அது… அப்புறம் பாக்கலாம்.”

“அவரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க.”

“அவருக்கு வேற வேலை கெடைக்கும் பாப்பா. லெட்டரைத் திருப்பி வாங்கினா என் சீட்டுப் போயிடும். உனக்குப் புரியுதுல்ல?”

“புரியுது” என்றாள். திரும்பி மேலாளர் அறைக்கு நடந்தாள். அண்ணன் பின்னாலேயே ‘பாப்பா, பாப்பா’ என்று தணிந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தான். அலுவலகத்தில் அதற்குமேல் சத்தம் போட அவனுக்கு வராது.

மேலாளர் அம்மாள் முழுவதையும் கேட்டார்.

“திங்கக்கிழமைக்கு எத்தனை ஓடும்?”

“போர்டு மேல ஸ்டிக்கர்ல அந்த எண் அச்சடிச்சிருக்கும் மேடம். அதைப் பாத்து எழுதிடலாம். சிலதுல ஸ்டிக்கர் அழிஞ்சிருக்கு. இருபதுக்கு மேல ஓடும். இருபத்து நாலு ஓடாது. அழிஞ்சதுக்கு நானா ஒரு எண் வெக்கலாம், ஆனா தலைமையகத்துல பதிஞ்ச எண்ணா இருந்தாத்தான் கேள்வித்தாள் திறக்கும். அங்க எழுதிக் கேக்கணும்.”

“எழுதினா ஏன்னு கேப்பாங்க.”

“நான் செஞ்சதுன்னு எழுதுங்க.”

“கூடத்துக்குப் பொறுப்பு நீங்க இல்லையே. அவர்.” மேலாளர் அண்ணனைப் பார்த்தார். “நீங்க குடுத்த கடிதம் நிக்கணுமா, வேண்டாமா?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவனுக்கு உதவ அங்கே எதுவும் இல்லை.

“வேண்டாம் மேடம்” என்றான்.

மேலாளர் கடிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினார். திங்கட்கிழமைத் தேர்வை அவனே நடத்தட்டும், செவ்வாய்க்கிழமை வெளி நிறுவனத்து ஆள் வருவார், சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே போகலாம் என்றார். கோபம் ஒன்றும் இல்லை, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று வீட்டில் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ பாப்பா” என்று மட்டும் சொன்னாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். வழக்கமாகக் கழுவ மாட்டான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் பின்னறையில் இருந்தார்கள். அவன் டார்ச்சைப் பிடித்து ஸ்டிக்கரில் உள்ளதைப் படிப்பான். அவள் அடித்து, சிப்பில் எழுதுவாள். முதல் கணினியின் எண் அதற்கே சொந்தம், கடைசியுடையது கோப்பில் இருக்கிறது. நடுவில் உள்ள இருபத்திரண்டுக்குத்தான் இந்த வேலை. எண்ணையும் எழுத்தையும் தவிர அவர்கள் வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் பதினான்கு முடிந்தது. இரண்டில் ஸ்டிக்கர் சுத்தமாக வெளிறிப் போயிருந்தது. அவற்றை ஓரமாக வைத்தார்கள்.

அடுத்து எடுத்த பதினேழாவது போர்டில் ஸ்டிக்கர் இருந்தது, ஆனால் கடைசி எழுத்துகள் வெறும் நிழலாக இருந்தன. அண்ணன் குனிந்து பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான்.

“தெரியலை.”

“சரி, ஓரமா வை.”

“ஓரமா வையா?” டார்ச்சை மேசையில் வைத்தான். வைத்தான் என்பதைவிட அறைந்தான் என்பது சரி. “என்னடி, ஓரமா வைங்கற? எண்ணிக்கிட்டு வரியா நீ? இதோட மூணு! மூணு சீட்டு!”

அவள் நிமிர்ந்தாள்.

“இருபத்து மூணு தடவை கேட்டிருக்குடி அது! மாத்தட்டுமா மாத்தட்டுமான்னு கெஞ்சியிருக்கு! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை படிச்சுப் பாத்தியா? கண்ணு எங்க இருந்துச்சு? எட்டாங் கிளாஸ் பையன் செய்வானா இந்த வேலையை? பதினோரு வருஷம்டி! ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. உன்னை நம்பி எழுதிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். உனக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாதுன்னு வீட்டுல எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடக்கறோம். சிரிக்கறதுக்குக்கூடப் பயந்து சாகறோம். நீ என் பொழப்பைத் தூக்கிக் கீழ போட்டுட்டு ‘ம்’ங்கற. மரக்கட்டையா நீ?”

கூடத்தைப் பெருக்க வந்தவள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, விளக்குமாறோடு அப்படியே திரும்பிப் போனாள்.

தங்கைக்குக் காது மடல் சுட்டது. பிறகு கன்னம். சின்ன வயதில் அவனுடைய சைக்கிளை எடுத்துப் போய்ச் சக்கரத்தை வளைத்துக்கொண்டு வந்த அன்று இதே குரலில்தான் கத்தினான். இப்படி யாராவது கத்தி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்க முயன்றாள், எண்ண முடியவில்லை.

“தப்புதான்” என்றாள். குரல் பிசிறடித்தது. “கத்தாத. எனக்கும் தெரியும் தப்புன்னு.”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சு என்ன செய்ய? கடைசி மூணு எழுத்துதானே தெரியலை. டார்ச்சை மேலேர்ந்து அடிச்சா எப்படித் தெரியும்? பக்கவாட்டுல பிடி.”

“எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டா” என்று முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்தான். நெடுநேரம் பார்த்தான்.

“எட்டு. இல்ல பி. இரு… எட்டு.”

“எட்டா, பியா?”

“எட்டுதான்டி, எத்தனை தடவை சொல்றது!”

“அடுத்தது?”

“நாலு. கடைசியில சி, இல்லன்னா சைபர்.”

“ரெண்டையும் போட்டுப் பாக்கறேன். ஒண்ணுக்குக் கேள்வித்தாள் திறக்கும்.”

அவளுக்கு மூக்கு ஒழுகியது. அதை அழுகை என்று சொல்லிவிட முடியாது. கண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, எட்டை அடித்தாள். நாலை அடித்தாள். முதலில் சி போட்டு, நெட்வொர்க் கேபிளைச் செருகிப் பார்த்தாள், திறக்கவில்லை. அண்ணன் அவள் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சைபர் போட்டு மறுபடி எழுதினாள்.

திறந்தது.

“பதினேழு” என்றான் அண்ணன், இன்னும் கோபமாகவே. அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனான்.